கூரையை அறுக்காதீர்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 27. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொளத்தூரில் சொந்த வீடு, பக்கவாட்டில் ஒரு தகர ஷெட். சொந்தக் கையால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்ட வேண்டும் என்பது பள்ளிக்கால ஆசை. மூன்று லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். புதுப்பேட்டையில் பழைய மாருதி 800 ஒன்று நாற்பதாயிரத்துக்கு வருகிறது. அதன் கூரையை அறுத்து, வண்டியைத் தாழ்த்தி, இத்தாலியக் கார் போல ஃபைபர் பாடி போடுவது என் திட்டம். ஆர்.சி. இருப்பதால் சாலையில் தாராளமாக ஓட்டலாம் என்கிறார் எனக்குத் தெரிந்த மெக்கானிக். அப்பா ஐ.சி.எஃப்.-இல் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். இது நடக்குமா ஐயா? எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வேலையாக அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காமல் நிறுத்துங்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் கேட்டுப் பாருங்கள். வந்தால் லாபம், வராவிட்டால் பாடம் படித்த கூலி என்று விட்டுவிடுங்கள். கார் கட்டும் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அம்பத்தூரில் முப்பது வருடம் பட்டறை நடத்தியவன் நான். நள்ளிரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு, பாதி முடிந்த சேஸிஸ் (வண்டியின் எலும்புச் சட்டம்) ஒன்றைச் சும்மா பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் சுகம் எனக்கும் தெரியும். கூரையை அறுக்கும் யோசனைக்குத்தான் குறுக்கே நிற்கிறேன்.

வீட்டுச் சமையலறையில் தீப்பெட்டி இருக்கும், எடுத்து வாருங்கள். குச்சிகளைக் கொட்டிவிட்டு உள்பெட்டியை மட்டும் தனியே உருவுங்கள். இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். ஒரு எதிர்ப்பும் இல்லாமல் முறுக்கிக்கொள்ளும். இப்போது அதை மேலுறைக்குள் செருகிவிட்டு மறுபடி திருகுங்கள். அதே அட்டைதான், ஆனால் இம்முறை விரலுக்கு வலிக்கும்.

உங்கள் மாருதி 800-இன் கூரைதான் அந்த மேலுறை. லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அடியில் தனியாக ஒரு சட்டம் இருக்கும். மேலே என்ன கட்டினாலும், எதைக் கழற்றினாலும், பாரத்தைச் சுமப்பது அந்தச் சட்டம். மாருதி 800-க்கு அப்படி ஒன்று கிடையாது. தரைத் தகடு, கதவுத் தூண்கள், கூரை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடுதான் அதன் எலும்பு. தொண்ணூறுகளில் கூரை அறுத்த கார் ஒன்றை என் பட்டறைக்குக் கட்டியிழுத்து வந்தார்கள். என்ன கோளாறு என்று கேட்டேன். 'கதவைத் திறந்தால் மூட முடியவில்லை' என்றார் உரிமையாளர். கூரை போனதும் வண்டி நடுவில் தொய்ந்து, கதவுச் சட்டம் சாய்ந்துபோயிருந்தது. நின்றபடியே அப்படியென்றால், வேகமாகத் திரும்பும்போது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா எழுந்து போவதற்கும் இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் பெயரைச் சற்று யோசியுங்கள். இன்டக்ரல் கோச் ஃபேக்டரி. 1955-இல் பெரம்பூரில் அது தொடங்கியபோது அந்த முதல் சொல்லை அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை. தரை, பக்கச் சுவர், கூரை மூன்றையும் ஒன்றாகப் பற்றவைத்து, எல்லாம் சேர்ந்து பாரம் தாங்கும் ரயில் பெட்டி என்பதுதான் அதன் பொருள். கூரையைத் தரையோடு சேர்ப்பதையே ஆயுள் முழுக்கத் தொழிலாகச் செய்தவரிடம் போய், கூரையை அறுக்கப்போகிறேன் என்கிறீர்கள். அவர் கத்தாமல் எழுந்து போனதே பெரிய மனது. உங்கள் கடிதத்தில் மூன்று லட்சத்தை விட மதிப்புள்ள ஒரு வரி இருக்கிறது என்றால் அது 'வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர்' என்பதுதான். நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து, ஆர்.சி. சங்கதி. உங்கள் மெக்கானிக் சொன்னது தவறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்திவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. எரிவாயு கிட் போன்ற, ஒப்புதல் பெற்ற சில மாற்றங்களுக்கு மட்டும் வழி உண்டு. பழைய வண்டியின் சேஸிஸ் எண்ணை வெட்டியெடுத்துப் புதுச் சேஸிஸில் ஒட்டுவது அபராதத்தோடு போகிற விஷயமே இல்லை, அது மோசடி. விபத்து ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பதும் இதைத்தான். அடிபட்டவரின் குடும்பத்துக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டு நிற்க நேரிடும்.

இங்கிலாந்துக்காரர்கள் வீட்டு கேரேஜில் கார் கட்டி, எண் பலகை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும் காணொளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே தனி மனிதர் கட்டிய ஒற்றை வண்டியை ஆய்வு செய்து பதிவு எண் கொடுக்கும் முறை இருக்கிறது. இங்கே மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-வது விதிப்படி, ஒவ்வொரு புது வடிவமும் அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பு ஒன்றில் தேற வேண்டும். அப்படியொரு மையம் நீங்கள் தினமும் போய்வரும் ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த வாசல் ஆயிரக்கணக்கில் வண்டி விற்கப்போகும் நிறுவனங்களுக்கானது. உங்கள் மூன்று லட்சம் அங்கே எந்த மூலைக்கும் காணாது.

ஆகவே நீங்கள் கட்டப்போவது சாலையில் ஓடாத கார். இந்த வாக்கியத்தைப் படித்ததும் ஆசை வடிந்துபோனால், தயவுசெய்து அந்தப் பணத்தில் ஒரு நல்ல பழைய காரை வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டி மகிழுங்கள். அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. வடியவில்லை என்றால் மேலே படியுங்கள்.

சென்னையில் இருப்பவருக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயச் சுற்றுப்பாதை இருக்கிறது, சுற்று ஒன்றுக்கு 3.7 கிலோமீட்டர். அதற்கு முன் சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. பையனாக இருந்தபோது மீஞ்சூர்ப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறேன். உள்ளூர்ப் பட்டறைகளில் கட்டிய வண்டிகள், இறக்குமதி வண்டிகளுக்குப் பின்னால் உயிரைக் கொடுத்து ஓடும். கூட்டம் யாருக்குக் கைதட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் பந்தய ஓட்டுநர் கரிவரதன் எண்பதுகளின் இறுதியில் மாருதி 800-இன் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் காரில்தான் பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் தொடங்கினார். 796 சி.சி. எஞ்சினை அற்பமாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அற்பமில்லை என்றால் எப்படி என்று கேட்பீர்கள். எடைதான் காரணம். மாருதி 800-இன் எஞ்சின் தருவது ஏறத்தாழ 37 குதிரைத்திறன், வண்டியின் எடை 650 கிலோ. டன்னுக்கு 57 குதிரை என்று வருகிறது. அதே எஞ்சினை 450 கிலோ வண்டியில் வைத்தால் டன்னுக்கு 82. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் வந்த லாபம் இது. அதோடு பிரேக், டயர், ஸ்பிரிங் எல்லாவற்றின் சுமையும் குறைகிறது. எஞ்சினைக் குடைந்து சக்தியைக் கூட்டினால் இவை அத்தனையின் சுமையும் கூடும். இளைஞர்கள் எல்லோரும் டர்போவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எடைத் தராசைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இந்தக் கணக்கை வைத்தே ஒரு பெரிய நிறுவனத்தை எழுப்பியவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன். 1948-இல் தன் முதல் காரை, பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து, காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் கட்டினார். (வருங்கால மாமனாரின் கொட்டகையில் கிரைண்டர் ஓட்டும் துணிச்சல் நம்மூரில் யாருக்கு வரும்?) 1957-இல் அவருடைய லோட்டஸ் செவன் வந்தது. இரண்டு இருக்கை, இரும்புப் பைப்பில் கூடு, தட்டையான அலுமினியத் தகடு, கதவு இல்லை, கூரை இல்லை. முழுக் காருக்கு விதித்த விற்பனை வரி பிரித்துக் கொடுத்த பாகங்களுக்கு இல்லாததால், அதைப் பெட்டியில் போட்டு விற்றார்கள், வாங்கியவர்கள் வீட்டில் பூட்டிக்கொண்டார்கள். உலகம் முழுக்க வீட்டில் கார் கட்டுபவர்கள் இன்றும் அந்த வடிவத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். நீங்களும் அதையே பின்பற்றுங்கள். இத்தாலிய வளைவுகளுக்கு அச்சு செய்யவே உங்கள் சேமிப்பு கரைந்துவிடும். கண்ணாடிக்கும் கதவுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பாகங்கள் எடுக்க மாருதி 800-ஐ விட மாருதியின் ஆம்னி வேன் நல்லது. 800-இல் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கிறது. அதை அப்படியே பெயர்த்து ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கலாம், வைத்தவர்களும் உண்டு. ஆனால் முன்சக்கரம் திரும்புவதற்காகச் செய்த மூட்டு பின்னால் போய்விடும். ஸ்டியரிங் கம்பி இருந்த இடத்தில் அதே நீளத்தில் ஒரு நிலையான கம்பியைச் சரியான கோணத்தில் கட்டாவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் பின்சக்கரங்கள் தாமாகவே திரும்பப் பார்க்கும். முதல் காரில் அந்த வம்பு வேண்டாம். ஆம்னியில் அதே 796 சி.சி. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்சிலைச் சுழற்றுகிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ஆக்சில், இலை ஸ்பிரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்துவிடும். எஞ்சின் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் உட்காரட்டும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று நிமிர்த்தி வைத்தால் ஆயில் ஓட்டமும் கார்புரேட்டரும் மக்கர் செய்யும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். அதை வெட்டிச் சேர்த்துச் சமநிலை பார்க்கும் வேலையை அதற்கென்றே இருக்கும் லேத் பட்டறையில் கொடுங்கள், வீட்டில் வேண்டாம்.

முன்பக்க சஸ்பென்ஷனில் ஒரு சமரசம் செய்தாக வேண்டும். லோட்டஸ் செவனின் மூக்கு தாழ்வாக இருப்பதற்குக் காரணம் அதன் விஷ்போன் அமைப்பு, அதாவது மேலும் கீழுமாகச் சக்கரத்தைப் பிடிக்கும் கவை வடிவக் கைகள். அதில் பின்னாளில் பயன்பட்டது ட்ரையம்ப் ஹெரால்டின் சக்கர மூட்டு. அந்த ஹெரால்டைத்தான் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் நம் மதராஸிலேயே செய்தார்கள். இன்று அதைத் தேடி அலைய வேண்டாம். கிடைத்தால் பழைய கார் ஆர்வலர்கள் உங்களை விட மாட்டார்கள். மாருதியின் உயரமான ஸ்ட்ரட்டையே, அதாவது ஸ்பிரிங்கும் அதிர்வைத் தணிக்கும் டேம்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூணையே, வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலையைப் பிடிக்கும் கோபுரத்தைச் சட்டத்தோடு சாய்வுக் கம்பிகளால் நன்றாகக் கட்டுங்கள். பானட்டின் இருபுறமும் கொஞ்சம் திமில் போல எழும்பும், எழும்பட்டும். வண்டி உயரமாக நிற்கிறதே என்று ஸ்பிரிங்கை மட்டும் அறுக்காதீர்கள். இலகுவான வண்டிக்கு மிருதுவான ஸ்பிரிங் வாங்க வேண்டும். அறுத்த ஸ்பிரிங் இன்னும் விறைக்கும்.

இனி வண்டியின் சட்டம். நான்கு ஈர்க்குச்சிகளை நூலால் கட்டிச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்சதுரமாகப் படுத்துவிடும். குறுக்கே மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சியைக் கட்டுங்கள், அசையாது. பைப் சேஸிஸின் சூத்திரம் மொத்தமும் இவ்வளவுதான். எங்கெல்லாம் சதுரமோ செவ்வகமோ தெரிகிறதோ அங்கெல்லாம் ஒரு குறுக்குப் பைப். எஞ்சினை இறக்கவும் காலை நீட்டவும் குறுக்குப் பைப் தடையாக இருக்கும் இடங்கள் வரும். அங்கேதான் வடிவமைப்பவரின் கெட்டிக்காரத்தனம் தெரியும். படம் போட்டால் மட்டும் போதாது. பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் மெல்லிய மரச்சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, கையில் பிடித்துத் திருகிப் பாருங்கள். எந்த மூலை இளகுகிறது என்று கை சொல்லிவிடும்.

இரும்பு வாங்கும்போது கடைக்காரரிடம் 'ஸ்கொயர் பைப்' என்று மட்டும் சொன்னால், ஜன்னல் கிரில்லுக்குப் போடுவதை எடுத்து நீட்டுவார். வாகனங்களுக்கான பைப்புக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 3074. அதைக் கேளுங்கள். 25 மில்லிமீட்டர் சதுரம், 1.6 மில்லிமீட்டர் கனம். மீட்டருக்கு 1.2 கிலோ வரும். மொத்தம் நாற்பதிலிருந்து ஐம்பது மீட்டர் பிடிக்கும். ஆறு மீட்டர் நீளத்தில் எட்டுப் பைப், அறுபது கிலோவுக்குள். சந்தை விலையில் ஐந்தாறு ஆயிரம் ரூபாய்தான். ஆமாம் தம்பி, உங்கள் காரின் உயிரைத் தாங்கும் எலும்பு, அதில் போடும் நான்கு டயரை விட மலிவு. ஆகவே இங்கே மிச்சம் பிடிக்க நினைப்பதில் அர்த்தமே இல்லை. கால்வனைஸ் செய்த பைப் துருப்பிடிக்காதே என்று ஆசைப்படாதீர்கள். பற்றவைக்கும்போது கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும், பற்றும் ஒழுங்காகப் பிடிக்காது.

பற்றவைப்பதில் நான் பட்டதைச் சொல்கிறேன். 1994-இல் என் முதல் சேஸிஸ். எல்லா மூட்டுகளையும் அழகாகப் புள்ளி வைத்து நிறுத்தியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில், உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் இடதுபக்கம் முழுவதையும் பற்றவைத்து முடித்துவிட்டு, வெற்றி வீரனைப் போலச் சாப்பிடப் போனேன். மறுநாள் காலையில் மூலைக்கு மூலை அளவு நாடாவைப் பிடித்தால், இரு குறுக்களவுக்கும் பதினான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். சூடான பற்று ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் வண்டியை இழுக்கும் என்று படித்தவன்தான் நான். படித்தது கைக்கு வர ஒரு சேஸிஸ் செலவானது. இடதில் ஒன்று, வலதில் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாறி மாறி, ஆறவிட்டு ஆறவிட்டுப் போங்கள். தளம் மட்டமாக இருக்க வேண்டும். உங்கள் ஷெட்டின் சிமெண்டுத் தரையை நம்பாதீர்கள், மழைத் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் அதைச் சாய்த்துத்தான் போட்டிருப்பார். கனமான பிளைவுட்டில் மேசை செய்து, ரசமட்டம் வைத்து, காலுக்குக் கால் தகடு கொடுத்து நிறுத்துங்கள்.

அந்தத் தரையைப் பற்றி இன்னொன்று. கொளத்தூர்க்காரருக்கு நான் மழைநீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி பிறக்கும் முன்னே மேசையின் கால்களை உயர்த்திவிடுங்கள். பைப்பின் திறந்த முனைகள் எல்லாவற்றையும் தகடு வைத்து அடையுங்கள். கடற்காற்றின் உப்பு வெளியே பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிடித்தால் பைப் ஒடியும்போதுதான் தெரியும். ஷெட்டுக் கதவின் அகலத்தையும் வீட்டுக் கேட்டின் அகலத்தையும் அளந்து, சுவரில் எழுதி வையுங்கள். சிரிக்காதீர்கள். முடித்த வண்டியை வெளியே எடுக்கச் சுவரை இடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பாடியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பக்கங்களுக்குத் தட்டையான அலுமினியத் தகடு, ரிவெட். மூக்குக்கும் மட்கார்டுக்கும் மட்டும் ஃபைபர். காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்களிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று பாருங்கள். சித்திரை வெயிலில் ரெசினுக்கு எவ்வளவு கெட்டியாக்கும் திரவம் சேர்த்தால் டப்பாவிலேயே கல்லாகிவிடாமல் இருக்கும் என்பது அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது.

பிரேக்கில் ஒரு பழைய பாகத்தைக்கூடப் போடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் குழாய், இரும்புக் குழாய், பேட், ஷூ எல்லாம் புதிது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டராக இருக்கட்டும், ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். ஆம்னியின் பிரேக், ஆளும் சரக்கும் ஏற்றும் எண்ணூறு கிலோ வண்டிக்காகச் செய்தது. உங்கள் வண்டி அதில் பாதிக்குச் சற்று மேல். பின்பக்கம் அளவுக்கு மேல் பிடித்து, பின்சக்கரங்கள் முதலில் நின்றுபோனால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு, காலியான மைதானத்தில் மெதுவான வேகத்திலிருந்து தொடங்கிச் சோதியுங்கள். எப்போதும் முன்சக்கரம்தான் முதலில் நிற்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் தேவை. உட்கார்ந்திருப்பவருக்கு எது முதலில் நின்றது என்று தெரியாது.

தலைக்குப் பின்னால் உருளல் வளையம், அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு, கட்டாயம். அதற்குச் சதுரப் பைப் கூடாது, தையல் இல்லாத கனமான உருண்டைப் பைப். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் வளையம் அதற்கு மேல் ஐந்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குறுக்குக் கம்பியும், பின்னோக்கிய இரண்டு தாங்கு கம்பிகளும் வேண்டும். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் பிடிக்கும் போல்டுகளின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பணத்துக்கு வருவோம். நான் பிரிப்பதாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். ஓடும் நிலையில், காகிதங்கள் சரியாக உள்ள ஆம்னிக்கு எழுபத்தைந்தாயிரம். புதுப்பேட்டையில் தனித்தனியாகப் பொறுக்குவதை விட முழு வண்டியாக உரிமையாளரிடமே வாங்குவது மேல். பாகங்களைக் கழற்றும் முன் ஓட்டிப் பார்க்கலாம், திருட்டு வண்டியின் எஞ்சின் உங்கள் ஷெட்டில் வந்து உட்காராது. வண்டியைப் பிரித்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். அதற்குச் சட்டம் கொடுத்திருப்பது பதினான்கு நாள். இரும்புக்கு ஆறாயிரம். சிறிய மிக் வெல்டிங் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் இருபத்தெட்டாயிரம். டேம்பர், ஸ்பிரிங், புஷ் வகைக்கு முப்பது. பிரேக்குக்கு இருபது. டயருக்கும் சக்கரத்துக்கும் இருபத்தைந்து. அலுமினியம், ஃபைபருக்கு இருபது. லேத் கூலி, போல்ட், பேரிங் இவற்றுக்கு முப்பது. இருக்கை, பெல்ட், வளையம், தீயணைப்பான் எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து. கூட்டினால் இரண்டு லட்சத்து அறுபத்தொன்பதாயிரம். மீதி முப்பத்தோராயிரத்தை மிச்சம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கணக்கில் நான் மறந்தவை அதைத் தின்னும். ஹெல்மெட் இதில் இல்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு வண்டியை ஏற்றிச் செல்லும் கூலியும், பாதைக் கட்டணமும் இல்லை. போகும் முன் சுற்றுப்பாதையை நடத்துபவர்களிடம், வீட்டில் கட்டிய வண்டிக்கு என்னென்ன பாதுகாப்பு எதிர்பார்க்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடித்த பிறகு கேட்பதை விட, வளையத்தை வளைக்கும் முன் கேட்பது மலிவு.

காலம்? வாரக் கடைசிகளில் மட்டும் என்றால் இரண்டு வருடம். கல்யாணம் நடுவில் வந்தால் மூன்று.

தொடங்குவது எங்கே என்று கேட்டீர்கள். ஒரு மீட்டர் பைப் மட்டும் வாங்கி வாருங்கள். துண்டுகளாக அறுத்து, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் பத்து மூட்டுகள் பற்றவையுங்கள், நீங்களே. அப்பா இருக்கும் நேரமாகப் பார்த்து, ஷெட்டில் வைஸில் பிடித்து, சுத்தியால் அடித்து உடையுங்கள். பற்று பெயர்ந்து வந்தால் உங்கள் கை இன்னும் பழகவில்லை. பற்று நின்று பைப் கிழிந்தால் சரி. ஐ.சி.எஃப்.-இல் வேலை பார்த்தவருக்கு, சுத்திச் சத்தத்திலேயே எது பெயர்ந்தது, எது கிழிந்தது என்று கூடத்திலிருந்தே தெரியும். நான்காவதோ ஐந்தாவதோ பெயரும்போது வந்து நிற்பார் என்று நினைக்கிறேன். வந்தால் கூரை விஷயத்தைக் கைவிட்டுவிட்டதை முதலில் சொல்லுங்கள்.

மீதி எட்டுப் பைப் வாங்கப் பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் தர எண்ணைக் கேளுங்கள். பைப்பின் உள்ளே விரலை விட்டுத் தையலைத் தடவிப் பார்த்து, 'இது வேண்டாம், அடுத்த கட்டை அவிழ்' என்று கடைக்காரரிடம் சொல்லும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.